டீச்சர் சொன்ன ‘பாப்பம்’

புளியந்தீவில் தக்ஷாயினி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததாகப் போன வாரம் நான் எழுதியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிருஷா படுவான்கரையில் மருதஞ்சேனைக் கிராமத்துப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அவளுடைய ஒரே மகள் விதுர்ஷா வருகிற தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். கணவன் உதயரூபனோ, பிள்ளையை மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் டவுனில் இருக்கிற பெரிய பெண்பிள்ளைகள் பாடசாலையில் சேர்த்தே தீருவேன் என்று நிற்கிறான். அதற்குப் பக்கத்தில் வீடு வேண்டும். அவனுடைய தங்கை தக்ஷாயினியின் வீடு பாடசாலை மதிலிலிருந்து கூப்பிடு தூரம். அந்த விலாசத்தைக் கொடுத்துவிட்டால் போயிற்று.

“என்ன நிருஷா, சரிதானே?” என்று இறால் கறியை அள்ளிக்கொண்டே அவன் கேட்டான்.

“பாப்பம்” என்றாள் அவள்.

பாப்பம்! நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ‘மாட்டேன்’ என்று அர்த்தம் என்பது யாருக்குத் தெரியாது? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வெட்கப்படுகிற அத்தனை பேரும் சொல்கிற சொல் அது. ஆனால் வேண்டிய மாதிரிக் கேட்கிற காதுக்கு அது ‘ஓம்’ என்றும் விழும். உதயரூபனுக்கு அப்படித்தான் விழுந்தது. மறுநாளே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டான். சில வாரங்கள் ஓடின. நேற்று முன்தினம் டவுன் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை வீட்டைப் பார்க்க வருகிறோம், பிள்ளையோடு இருங்கள் என்றார்கள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிருஷாவின் பாடசாலையில் வருகிற வருஷம் முதலாம் ஆண்டுக்குப் பெயர் கொடுத்திருப்பது எட்டே பிள்ளைகள், விதுர்ஷாவையும் சேர்த்து. இதிலும் குறைந்தால் அந்த வகுப்பைத் திறக்க மாட்டோம், பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சேர்த்துவிடுவோம் என்று கல்விக் கந்தோரில் அவளுடைய பாடசாலை அதிபர் நல்லரத்தினத்திடம் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் முதலாம் ஆண்டு இல்லையென்றால் அடுத்த வருஷம் இரண்டாம் ஆண்டு இல்லை. நாலைந்து வருஷத்தில் கட்டடம்தான் மிஞ்சும், அதற்குள் ஆடு படுத்திருக்கும். இதெல்லாம் தெரிந்த நிருஷா டீச்சர்தான் மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, தலையிழுத்து, பௌடர் பூசிக்கொண்டு நின்றாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

புஸ்பம் வந்திருந்தாள். வாவியில் வலை வீசுகிற குடும்பம். மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த கடைசிப் பையன் மதுரன் அந்த எட்டுப் பேரில் ஒருவன்.

“டீச்சர், எங்கயோ வெளிக்கிட்டு நிக்கிறீங்க போல?”

“டவுனுக்கு ஒரு அலுவல், அக்கா.”

“சனிக்கிழமையிலயும் விடமாட்டாங்களாக்கும்.” புஸ்பம் சைக்கிளை வேலியில் சாய்த்தாள். “மறுகா, ஒண்டு கேக்கணும் எண்டுதான் வந்த. எங்கட வீட்டுக்காரர் ரெண்டு நாளா ஒரே அரியண்டம். டீச்சர்ர மகள் டவுனுக்குப் போகுதாம், நாம மட்டும் ஏன் இஞ்ச விடணும் எண்டு கேக்கிறார். ஊருக்குள்ள கதை அடிபடுது. மகளை நீங்க எங்க சேக்கிறீங்க, டீச்சர்?”

முற்றத்தில் உதயரூபன் மோட்டார் சைக்கிள் ஹோர்னை அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

எங்கள் பாடசாலையில்தான் அக்கா என்று சொல்லவும் முடியாது, டவுனில் என்று சொல்லவும் நா எழவில்லை. நிருஷா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு புஸ்பத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“பாப்பம், அக்கா.”

எனக்குப் பேனாவைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

புஸ்பம் “சரி, டீச்சர்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

மோட்டார் சைக்கிளில் அப்பா முன்னால், பிள்ளை நடுவில், அம்மா பின்னால். உதயரூபன் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றாலும் நாலு கடையில் விலை, கொள்ளளவு, கரண்ட் செலவு என்று ஃபோனில் அட்டவணை போட்டுத்தான் வாங்குவான். பிள்ளையின் படிப்புக்கும் அப்படி ஒன்று போட்டு வைத்திருந்தான். பெறுபேறு, செலவு, வகுப்பில் பிள்ளைகள் எத்தனை. கந்தோருக்குப் போனால் அதைப் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டுவான், வீட்டுக்கு வந்தால் மனைவிக்குக் காட்டுவான்.

வலையிறவுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டுப்பட்டி ஒன்று ரோட்டை மறித்துக்கொண்டு போனது. வண்டி நின்றதுதான் தாமதம், அவன் தொடங்கிவிட்டான்.

“போன வருஷம் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப்ல டவுன் பள்ளிக்கூடத்தில வெட்டுப்புள்ளிக்கு மேல அறுபத்தொரு பேர். உங்கட பள்ளிக்கூடத்தில?”

“நூறு வீதம் சித்தி” என்றாள் நிருஷா, வீம்புக்கு.

“எத்தின பேர் எழுதின?”

நிருஷா மகளின் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள்.

“சொல்லு புள்ள, எத்தின பேர்?”

“ரெண்டு பேர்.”

“எழுபது எடுத்தாச் சித்தி, ரெண்டு பேரும் எடுத்திட்டாங்க, நூறு வீதம். வெட்டுப்புள்ளிக்கு மேல ஒருத்தரும் இல்ல. அதுக்கு ஒரு பெனர் வேற! அதில அந்தப் புள்ளைகள்ர படம் முத்திரை அளவு, நல்லரத்தினம் சேர்ர படம் கதவளவு.”

பெனர் விஷயம் உண்மைதான். நிருஷாவுக்கே அதைப் பார்க்கும்போதெல்லாம் கூசும். ஆனால் அதை இவனிடமா ஒத்துக்கொள்வது?

“டவுன்ல எத்தின பேர் எழுதினயாம்?”

“இருநூறுக்கு மேல.”

“அப்ப மிச்சம் நூத்திச் சொச்சம் புள்ளைகள் எங்க? அதுகளுக்கு உங்கட ஃபோன்ல இடம் இல்லையா? அறுபத்தொரு பேரும் வகுப்பில படிச்சா எடுத்தாங்க, பின்னேரம் ரியூஷன்ல படிச்சா எடுத்தாங்க, அத எங்க போட்டிரிக்கீங்க?”

“அது வேற கதை.”

“அதுதான் கதை.”

மாடுகள் போகிற வழியாக இல்லை. உதயரூபன் அடுத்த வரிசைக்குப் போனான்.

“சரி, செலவப் பாப்பம். ஒரு புள்ளைக்கு அரசாங்கம் செலவழிக்கிறது டவுன விட உங்கட பள்ளிக்கூடத்திலதான் ரெண்டு மடங்கு கூட. தெரியுமா உனக்கு? இவ்வளவு செலவழிச்சும் ஒரு வெட்டுப்புள்ளி இல்ல.”

“என்ன செலவு? போன மாரிக்கு ஒழுகின ஓட்டுக்கு இன்னும் ஒரு ஓடு வரல்ல.”

“மொத்தச் செலவப் புள்ளைகள்ர தொகையால பிரிச்சுப் பாத்தன்.”

“மொத்தச் செலவு எண்டா?”

“சம்பளந்தான்.”

“ஆர்ர சம்பளம்?”

உதயரூபன் மாடுகளைப் பார்த்தான்.

“என்ட சம்பளம்” என்றாள் நிருஷா. “நீங்க மாசம் மாசம் இந்த மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிறீங்களே, அந்தச் சம்பளம். நான் வேலைய விட்டா உங்கட அட்டவணையில செலவு குறஞ்சிரும், விடட்டா?”

“உன்னோட கதைக்க ஏலா.”

“வகுப்பில நாப்பத்திரெண்டு புள்ளைகள் அங்க. இஞ்ச எட்டு. அதையும் சொல்லுங்க, ஏன் விட்ட?”

“எட்டு எண்டா நல்லமெண்டு நினைக்கியா? எட்டில பொம்பிளைப் புள்ளைகள் மூணு. நெட்போல் டீம் ஒண்டு போட ஏலுமா?”

ஐந்து வயது விதுர்ஷா இருவருக்கும் நடுவில் நசுங்கியபடி, “அம்மா, எனக்குக் கால் விறைக்குது” என்றாள். நெட்போல் விளையாடப் போகிற பிள்ளை!

கடைசிக் கன்று ரோட்டைத் தாண்டியது. பாலத்தில் உப்புக் காற்று அடித்தது.

தக்ஷாயினி ஆயத்தமாக இருந்தாள். அந்தக் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல! தன் புருஷனையும் இரண்டு பையன்களையும் விடியவே களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். கொடியில் விதுர்ஷாவின் சட்டைகள் காய்ந்தன. முன்ஹோலில் கலண்டர் தொங்கிய இடத்தில் உதயரூபன் நிருஷா கல்யாணப் படம். ஆணி அடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டாள்.

“மச்சாள், நீங்க குசினிக்குள்ள நிண்டு தேத்தண்ணி கொண்டு வாங்க. அப்பதான் வீட்டு ஆள் மாதிரி இரிக்கும்” என்றாள். பிறகு குனிந்து, “என்ட கிளி, இது ஆர்ர வீடு?” என்று கேட்டாள்.

“மாமிர வீடு.”

“இல்ல, எங்கட வீடு எண்டு சொல்லணும்.”

“எங்கட வீட்டில கொய்யா மரம் இரிக்கு” என்றாள் விதுர்ஷா. இங்கே இல்லை என்பது அவளுக்குக் குறை.

பத்து மணிபோல பாடசாலையின் பிரதி அதிபர் பீற்றிஸ் டீச்சர், இளம் ஆசிரியர் ஒருவரோடு வந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை. காலையிலிருந்து ஏழெட்டு வீட்டுப் பொய்களைக் கேட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

“மகள், இது உங்கட வீடா?”

“ஓம், டீச்சர்” என்றாள் விதுர்ஷா, பாடமாக்கியதைப் பிழைவிடாமல்.

தக்ஷாயினிக்கு மூச்சு வந்தது. நிருஷா தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்தக் குசினியில் சீனிப் போத்தல் எங்கே என்று தெரியாமல் தேடிய தேடல் அவளுக்குத்தான் தெரியும்.

“வீடு ஆர்ர பேரில?” பீற்றிஸ் டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தங்கச்சிர பேரில, டீச்சர்” என்றான் உதயரூபன். “அம்மா சீதனமா எழுதிக் குடுத்த. நாங்களும் எல்லாரும் ஒண்டாத்தான் இரிக்கம்.”

பீற்றிஸ் டீச்சர் கோப்பையை வைத்தார்.

“தம்பி எவடம்? மட்டக்களப்புத்தானே?”

“இஞ்சயே பிறந்து வளந்த, டீச்சர்.”

“ம். அப்ப உங்கட மனுசிக்குச் சீதன வீடு ஒண்டும் இல்லையாக்கும். பாவம்.”

அவ்வளவுதான். நம் ஊரில் கல்யாணம் முடித்தவன் குடிபோவது மனைவியின் சீதன வீட்டுக்குத்தான். அப்படி ஒரு வீடு இல்லாமல் கல்யாணம் முடித்தவன் என்று ஒரு மனுஷி நினைத்துவிட்டால் மானம் என்னாவது? உதயரூபன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏன் இல்லாம? நல்ல கல்வீடு, டீச்சர். மூணு அறை, கிணறு, கொய்யா மரம், மாமி தளபாடத்தோட குடுத்த. நாங்க மருதஞ்சேனையில...”

அங்கே நின்றுவிட்டான். தக்ஷாயினி கண்ணை மூடிக்கொண்டாள். இளம் ஆசிரியர் சிரிப்பை அடக்க இருமினார்.

“வெளியூர் ஆக்களா இருந்தா நான் நம்பியிருப்பன்” என்றார் பீற்றிஸ் டீச்சர். “மட்டக்களப்பு ஆம்பிளை, பொஞ்சாதிர கல்வீட்டப் பூட்டிப்போட்டு, தங்கச்சிர சீதன வீட்டில பொஞ்சாதி புள்ளையோட இரிக்கானாம். அதுவும் மச்சாளும் மச்சாளும் ஒரே குசினியிலயாம். இத ஆரிட்ட சொல்றீங்க, தம்பி?”

“இல்ல, டீச்சர், அந்த வீட்டில கூரை வேலை நடக்குது, அதான்” என்று தக்ஷாயினி இடையில் விழுந்தாள்.

பீற்றிஸ் டீச்சர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தட்டோடு நின்ற நிருஷாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் டீச்சர் எண்டு விண்ணப்பத்தில இரிக்கு. டீச்சருக்கு டீச்சர் கேக்கன். நீங்க எங்க இரிக்கிற? நீங்க சொல்றதத்தான் நான் எழுதுவன்.”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நிருஷாவுக்கும் ஆசை வந்தது. அந்தப் பாடசாலையின் மேடையும், நூலகமும், வெள்ளைச் சட்டையில் வரிசையாகப் போகிற பிள்ளைகளும் கண்ணில் வந்து நின்றன. ‘இங்கேதான்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகளுக்கு அதெல்லாம் கிடைத்துவிடும். தன் வகுப்பை நினைத்துப் பார்த்தாள். ஒரே மண்டபத்தை அலுமாரியால் மறைத்து இந்தப் பக்கம் முதலாம் ஆண்டு, அந்தப் பக்கம் இரண்டாம் ஆண்டு. மழை வந்தால் எல்லாரும் ஒரே மூலையில். அந்த மூலையில் உட்கார்ந்துதான் போன வருஷத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும் சித்திரைக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அது எந்த அட்டவணையிலும் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கு அந்த மூலை போதும், என் பிள்ளைக்குப் போதாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

விதுர்ஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருதஞ்சேனையில, டீச்சர்” என்றாள் நிருஷா. “அங்கதான் இரிக்கம். அங்கதான் படிப்பிக்கன்.”

பீற்றிஸ் டீச்சர் கோபிக்கவில்லை. எழும்பிச் சேலையைச் சரிசெய்தார்.

“உங்கட வகுப்பில எத்தின புள்ளைகள்?”

“எட்டு.”

“எட்டா?” என்று பெருமூச்சு விட்டார். “எனக்கு நாப்பத்திரெண்டு. எல்லாப் புள்ளைகள்ர பேரும் பாடமாக வைகாசி ஆகிரும். ஒரு பென்சில் சீவிக் குடுத்துத் திரும்பினா மணி அடிச்சிரும்.” தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுப் பொய்யைக் கேட்கப் போய்விட்டார்.

படலை சாத்தின சத்தம் கேட்டதுதான் தாமதம்.

“மச்சாள், மனசாட்சி இரிக்கா உங்களுக்கு?” தக்ஷாயினி கல்யாணப் படத்தை ஆணியிலிருந்து பிடுங்கினாள். “ரெண்டு நாளா வீட்டத் துடைச்சு, அந்த மனிசனையும் புள்ளைகளையும் கோயிலுக்குத் துரத்தி... விருப்பமில்லாட்டி முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னனே, மச்சாள்.”

“என்ன சொன்ன?”

“பாப்பம் எண்டு சொன்ன.”

“பாப்பம் எண்டா ஓம் எண்டுதானே!” என்று உதயரூபன் கத்தினான்.

நிருஷா அவன் பக்கம் திரும்பினாள். “உங்கட கந்தோருக்கு வாற சனத்துக்கு நீங்க ஒரு நாளைக்கு எத்தின தரம் பாப்பம் எண்டு சொல்றீங்க? அதெல்லாம் ஓமா?”

உதயரூபன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வரும்போது பாலத்தில் வெயில் கொளுத்தியது. அவன் அட்டவணையைப் பற்றிப் பேசவில்லை, அதுவே பெரிய புண்ணியம். நிருஷாவுக்கு மனம் லேசாக இருந்தது. கோபமாக இருக்கட்டும், இரண்டு நாளில் ஆறிவிடும். வகுப்பு திறக்கும். எட்டுப் பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

“புஸ்பக்கா வீட்டடியில ஒருக்கா நிப்பாட்டுங்க” என்றாள்.

புஸ்பம் வாவிப் பக்கத்து முற்றத்தில் சட்டியை வைத்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். மதுரன் வலைக் குவியலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். விதுர்ஷாவைக் கண்டதும் ஓடிவந்தான். டீச்சரைக் கண்டும் புஸ்பம் எழும்பவில்லை. அது புதுப் பழக்கம்.

“அக்கா, காலையில கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்த. என்ட மகளும் எங்கட பள்ளிக்கூடத்திலதான் படிக்கப் போறா.”

புஸ்பத்தின் கை நின்றது.

“நல்ல நேரம் பாத்து வந்து சொல்றீங்க, டீச்சர். உங்கட வீட்டால வந்து இவரிட்டச் சொன்னன். கையோட பக்கத்து ஊருக்குப் போய், அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்ர வீட்டயே பேரக் குடுத்திட்டு வந்திட்டம். எங்களக் கண்டு இன்னும் மூணு வீட்டு ஆக்களும் வந்து குடுத்திட்டாங்க.”

எட்டில் நாலு போய்விட்டது. விரல் விட்டு எண்ணவும் தேவையில்லை.

“ஏன் அக்கா? நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லியே!”

“சொன்னீங்களே, டீச்சர். பாப்பம் எண்டு.” புஸ்பத்தின் குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது. “உங்கட புள்ளைக்கே போதாத பள்ளிக்கூடம் என்ட புள்ளைக்குப் போதும் எண்டா கேட்டிட்டு இரிக்கிற?”

நிருஷா சட்டிக்குப் பக்கத்தில், மண்ணிலேயே குந்தினாள். சேலையில் இறால் தண்ணீர் பட்டது. பட்டால் படட்டும்.

“அக்கா, பிழை என்னிலதான். வாய் இருந்தும் சொல்லாம விட்டன். இப்ப சொல்றன், வடிவாக் கேளுங்க. என்ட மகள் இஞ்சதான். நாளைக்கும் இஞ்சதான், தைக்கும் இஞ்சதான். மத்த மூணு வீட்டுக்கும் நான் இப்பவே போறன். நீங்க மதுரன்ர பேரத் திருப்பி எங்களிட்டக் குடுங்க. குடுப்பீங்களா?”

மோட்டார் சைக்கிள் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. உதயரூபன் என்ன நினைத்தானோ, என்ஜினை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

புஸ்பம் ரோட்டில் நின்ற அவனைப் பார்த்தாள். வலைக் குவியலில் ஒன்றாகக் குதிக்கிற இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். இன்னொரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டாள்.

“பாப்பம், டீச்சர்” என்றாள்.